லங்ஸ்ல க்ளாட் வந்தா ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

த்ராம்போஃபிலியா ப்ரொஃபைல்னு ஒரு டெஸ்ட், அதாவது ரத்தம் தேவையில்லாம உறையுறதுக்கு பரம்பரையா காரணம் இருக்கான்னு தேடுறது, இப்ப சின்ன ஊர் லேப் வரைக்கும் வந்துடுச்சு. நான் கோஅகுலேஷன் செக்‌ஷன்ல வேலை பாக்குறவன், அதாவது ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுது, ஏன் உறைய மாட்டேங்குது, ஏன் தேவையில்லாத எடத்துல உறையுதுன்னு பாக்குற செக்‌ஷன். கால்ல க்ளாட் (ரத்தம் உறைஞ்ச கட்டி), லங்ஸ்ல க்ளாட், ரெண்டு மூணு தடவ கரு கலைஞ்சது, சின்ன வயசுல ஸ்ட்ரோக், எல்லாத்துக்கும் அதே ஃபார்ம் தான், அதே டிக் தான். பணம் கட்டும்போது இதுல என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு யாரும் சொல்றதில்ல, ரிப்போர்ட் கைக்கு வந்தப்புறம் கவுன்டர்ல நிக்கிற எங்ககிட்ட தான் கேக்குறாங்க, நாங்க டாக்டர பாருங்கன்னு அனுப்பி விடுவோம், அதான் முறை. ஆனா அந்த அம்மா அப்பாக்கள் முகத்த பாத்து பாத்து சொல்லணும்னு தோணுனத இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, யாருக்கும் மருந்து சொல்ற பதிவும் இல்ல இது.

முதல்ல லங்ஸ்ல க்ளாட்னா என்னன்னு. பெரும்பாலும் அது லங்ஸ்ல உருவாகுறதே இல்ல. தொடையிலயோ கெண்டைக்கால்லயோ ஆழத்துல ஓடுற வெயின்ல உறைஞ்ச கட்டி ஒடஞ்சு, மேல ஏறி, இதயத்தோட வலது பக்கம் பூந்து, நுரையீரலுக்கு போற குழாய்ல போய் அடைக்குது. பல்மனரி எம்பாலிசம்னு சொல்றது இதத்தான். இத 1800கள் நடுவுல ஜெர்மனிக்காரர் விர்ஷோ போஸ்ட்மார்ட்டம் பண்ணி பண்ணியே கண்டுபிடிச்சாரு. ரத்தம் தேங்கி நிக்கிறது, ரத்தக்குழாய் சுவர்ல அடி படுறது, ரத்தமே உறையுற குணத்தோட இருக்குறது, இந்த மூணும் தான் காரணம்னு இன்னைக்கும் அவர் பேர்ல தான் பாடம் நடத்துறாங்க. பரம்பரை விஷயம் வர்றது அந்த மூணாவதுல.

ரத்தம் உறைய வைக்க உடம்புல நிறைய புரோட்டீன் இருக்கு, அத நிறுத்துறதுக்கும் தனியா ஆள் இருக்காங்க. ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், இந்த மூணும் தான் முக்கியமான பிரேக். 1965ல நார்வேயில எகெபெர்க்னு ஒரு டாக்டர், க்ளாட் மேல க்ளாட்டா வந்துட்டு இருந்த ஒரு குடும்பத்துல ஆன்டித்ராம்பின் பாதி தான் இருக்குன்னு காட்டுனாரு, உறையுற நோய் பரம்பரையா வரும்னு தெளிவா தெரிஞ்சது அங்கேர்ந்து தான். 1980கள்ல புரோட்டீன் சி, எஸ் கம்மியா இருக்குற குடும்பங்கள் கிடைச்சுது. ஆனா இதெல்லாம் சேத்தாலும் க்ளாட் வர்ற ஆளுங்கள்ல கொஞ்ச பேருக்கு தான் காரணம் கிடைச்சுது, மிச்ச பேருக்கு ஏன் வருதுன்னு முழிச்சிட்டு இருந்தாங்க.

அப்ப தான் 1993ல ஸ்வீடன்ல மால்மோவுல டால்பேக்னு ஒருத்தர் ஒரு விஷயம் கவனிச்சாரு. எங்க லேப் ஆளுங்களுக்கு இது ரொம்ப புடிச்ச கதை, ஏன்னா இது ரத்தம் உறைய எத்தன செகண்ட் ஆகுதுன்னு பாக்குற ஏபிடிடி டெஸ்ட்ல ஆரம்பிச்சது, நாங்க தெனமும் போடுற டெஸ்ட். ஒரு பேஷன்ட் பிளாஸ்மாவுல ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி-ய வெளியிலேர்ந்து சேத்தா உறையுற நேரம் கூடணும், பிரேக்க சேக்குறோம் இல்லையா. அந்த பேஷன்டுக்கு கூடவே இல்ல. பிரேக் சரியா தான் இருக்கு, ஆனா அது புடிக்க வேண்டிய எடத்துல புடி கிடைக்கல. அந்த எடம் எதுன்னு அடுத்த வருஷமே, 1994ல, நெதர்லாந்துல லைடன் ஊர்ல பெர்ட்டினா குரூப் கண்டுபிடிச்சாங்க. ரத்தத்த உறைய வைக்கிற புரோட்டீன்ல ஒண்ணான ஃபேக்டர் ஃபைவோட ஜீன்ல ஒரே ஒரு எழுத்து, ஜி இருக்க வேண்டிய எடத்துல ஏ. அதனால அந்த புரோட்டீன்ல 506ஆவது எடத்துல இருக்க வேண்டிய ஆர்ஜினின்ங்கற அமினோ அமிலம் போய் குளூட்டமின் வந்துடுது. புரோட்டீன் சி வெட்டுறது கரெக்டா அந்த எடத்துல தான், வெட்ட முடியல, அதனால ஃபேக்டர் ஃபைவ் அணையுறதுக்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு நேரம் ஆகுது. இது தான் ஃபேக்டர் ஃபைவ் லைடன். ஐரோப்பா வம்சாவளி ஆளுங்கள்ல சுமாரா 100க்கு 5 பேர்கிட்ட இருக்கு, அப்பா அம்மா யாராவது ஒருத்தர்கிட்டேர்ந்து ஒரு காப்பி வந்திருந்தா க்ளாட் வர்ற வாய்ப்பு ஏறத்தாழ 3லேர்ந்து 7 மடங்கு வரைக்கும் கூடுது. அதே லைடன்ல 1996ல இன்னொண்ணு, ப்ரோத்ராம்பின்ங்கற இன்னொரு உறைய வைக்கிற புரோட்டீனோட ஜீன்ல 20210ங்கற எடத்துல ஒரு மாற்றம், அதுவும் ஐரோப்பாவுல 100க்கு 2 பேர் கணக்குல, ரிஸ்க் ரெண்டு மூணு மடங்கு.

மடங்கு மடங்குன்னு சொன்னா பயமா தான் இருக்கும். ஆனா எதுக்கு மேல எத்தன மடங்குன்னு பாக்கணும். 1994ல லைடன்காரங்களே கருத்தடை மாத்திரை சாப்பிடுற பொண்ணுங்கள கணக்கு எடுத்தாங்க. மாத்திரையும் சாப்பிட்டு இந்த ஜீனும் இருந்தா, ரெண்டும் இல்லாதவங்கள விட 30 மடங்குக்கு மேல ரிஸ்க். கேட்டா தலை சுத்துது. ஆனா அது வருஷத்துக்கு 10,000 பேர்ல 28 பேர் சொச்சம், ரெண்டும் இல்லாத பொண்ணுங்கள்ல 10,000க்கு 1க்கும் கம்மி. அதாவது அந்த ஜீனோட மாத்திரையும் சாப்பிட்ட பத்தாயிரம் பேர்ல 9,970 பேருக்கு மேல அந்த வருஷம் ஒண்ணும் ஆகல. ரெண்டு நம்பரும் உண்மை, ஆனா ரிப்போர்ட் கீழ எழுதுறது 30 மடங்குங்கறத மட்டும் தான், அது எனக்கு கடுப்பு.

ஜீன் மட்டும் தனியா ஆள அடிக்கிறது கம்மி, கூட ஏதாவது சேரணும். அமெரிக்க என்பிசி டிவி ரிப்போர்ட்டர் டேவிட் ப்ளூம், 2003 ஈராக் போர்ல ராணுவத்தோட வண்டியிலயே போய்ட்டு இருந்தாரு, நாள் கணக்கா கால மடக்கிக்கிட்டு குறுகலான எடத்துல உக்காந்து, தூங்கி. கால் வலிக்குதுன்னு சாட்டிலைட் ஃபோன்ல டாக்டர்ங்ககிட்ட கேட்டிருக்காரு, அவங்க க்ளாட்டா இருக்கலாம் போய் காட்டுங்கன்னு சொல்லியும் ஆஸ்பிரின் போட்டுட்டு வேலைய பாத்தாரு. ஏப்ரல் 6ஆம் தேதி பாக்தாத் பக்கத்துல குண்டடி ஒண்ணும் படாம லங்ஸ்ல க்ளாட் வந்து போயிட்டாரு, வயசு 39. அப்புறமா பாத்தா ஃபேக்டர் ஃபைவ் லைடன் இருந்திருக்கு. 39 வருஷமும் அந்த ஜீன் அவர்கிட்ட தான் இருந்துச்சு, அந்த வண்டி தான் புதுசு.

இதுல இன்னொரு புதிர் இருக்கு, எனக்கு ரொம்ப சுவாரஸ்யமானது. ஃபேக்டர் ஃபைவ் லைடன் இருக்குறவங்களுக்கு கால்ல க்ளாட் நிறைய வருது, ஆனா லங்ஸ்ல மட்டும் வர்றது அந்த அளவுக்கு கூடல. ரெண்டும் ஒரே நோய்னா ரெண்டும் ஒரே மாதிரி தானே கூடணும்? இதுக்கு ஃபேக்டர் ஃபைவ் லைடன் பாரடாக்ஸ்னே பேர் வச்சிட்டாங்க. அவங்களுக்கு உருவாகுற கட்டி சுவர்ல நல்லா ஒட்டிக்கிட்டு நிக்குது, ஒடஞ்சு மேல போறது கம்மின்னு ஒரு ஊகம். இதுக்கு நேர் எதிரா, ரத்த சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற சிக்கிள் செல் நோயோட ஜீன் ஒரு காப்பி மட்டும் இருக்குறவங்க. அவங்களுக்கு நோய் கிடையாது, ஆனா அமெரிக்க கறுப்பினத்தவர்கள்ல எடுத்த கணக்குல லங்ஸ் க்ளாட் ரிஸ்க் சுமார் ரெண்டு மடங்கு, கால் க்ளாட் பெருசா கூடல. அப்ப எங்க உறையுது, எப்படி ஒடையுதுங்கறதுலயும் ஜீனுக்கு கை இருக்கு.

சிக்கிள் செல்னதும் ஆப்பிரிக்கான்னு நெனைக்கிறோம், ஆனா இந்தியாவுல அத முதல்ல பாத்தது நம்ம நீலகிரியில தான், 1952ல, மலைவாழ் மக்கள்கிட்ட, லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர். அந்த மக்களுக்கும் லங்ஸ் க்ளாட் ரிஸ்க் அமெரிக்கா மாதிரியே கூடுதான்னு கேட்டா, அமெரிக்க கணக்க அப்படியே எடுத்து இங்க ஒட்ட முடியாது, ஏன்னா இங்க இருக்குற சிக்கிள் ஜீன் தனியா உருவானது, கூட ஃபீட்டல் ஹீமோகுளோபின், அதாவது கருவுல இருக்கும்போது இருக்குற ஹீமோகுளோபின், அதிகம் இருக்கும், நோயோட போக்கே வேற.

நான் இந்த பதிவ எழுத உக்காந்ததே இந்த விஷயத்துக்காக தான். ஃபேக்டர் ஃபைவ் லைடன் உலகத்துல எல்லாருக்கும் பொதுவான ஜீன் கிடையாது. அது ஐரோப்பிய மக்களோட மூதாதையர் யாரோ ஒருத்தர்கிட்ட 20,000 வருஷத்துக்கு முன்னாடி வாக்குல ஒரே ஒரு தடவ உண்டாகி அங்கேர்ந்து பரவுனது. ஜப்பான், சீனாவுல அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல. ஆனா அங்க க்ளாட் வராம இல்லையே? ஜப்பான்ல தேடுனப்போ அவங்களுக்கு வேற ஒண்ணு கிடைச்சுது, புரோட்டீன் எஸ் ஜீன்ல டோக்குஷிமாங்கற ஊர் பேர்ல ஒரு மாற்றம், அங்க சுமார் 55 பேருக்கு 1 ஆள்கிட்ட இருக்கு. சீனர்கள்ல புரோட்டீன் சி ஜீன்ல, த்ராம்போமாடுலின் ஜீன்லன்னு அவங்களுக்கே உரிய மாற்றங்கள் கிடைச்சுது. அவங்கவங்க ஊர்ல தேடுனவங்களுக்கு அவங்கவங்க ஜீன் கிடைச்சுது.

நம்ம பேனல்ல, அதாவது இந்த ப்ரொஃபைல்ல பாக்குற ஜீன் லிஸ்ட்ல, என்ன இருக்கு? ஃபேக்டர் ஃபைவ் லைடன், ப்ரோத்ராம்பின் 20210, அப்புறம் ஃபோலேட் விட்டமின கையாளுற எம்டிஹெச்எஃப்ஆர்ங்கற ஜீன். ஐரோப்பா லிஸ்ட அப்படியே எறக்கி வச்சிருக்கோம். லைடன் மாற்றம் பஞ்சாப் பக்கம் கொஞ்சம் இருக்கு, தெக்க வர வர கம்மி. ப்ரோத்ராம்பின் மாற்றம் இந்தியர்கள்ல தேடி பாத்தவங்களுக்கு அனேகமா கிடைக்கவே இல்ல. எங்க லேப்லயும் ரிப்போர்ட்ல அந்த கட்டத்துல 'டிடெக்ட் ஆகவில்லை'ன்னு டைப் பண்றது கைப்பழக்கமாவே ஆயிடுச்சு. ஜனங்க அந்த நெகட்டிவ்வ வாங்கிட்டு அப்பாடா பரம்பரை இல்லன்னு சந்தோஷமா போறாங்க. அது பரம்பரை இல்லன்னு சொல்லல, டச்சுக்காரங்களோட பரம்பரை இல்லன்னு சொல்லுது, அவ்ளோ தான்.

எம்டிஹெச்எஃப்ஆர் கதை இன்னும் மோசம். ஒரு அம்மா, பொண்ணுக்கு ரெண்டு தடவ கரு நிக்கலன்னு டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட்ல அது மட்டும் பாசிட்டிவ்னு வந்ததும் கவுன்டர்ல நின்னு அழுதுட்டாங்க, "ஏம்ப்பா, இது எங்க வழியில வந்ததா, அவங்க அப்பா வழியிலயா, மாப்ள வீட்ல கேப்பாங்களே"ன்னு. எனக்கு மனசு தாங்கல. "அம்மா, இது ரோட்ல போற நிறைய பேருக்கு இருக்குற ஒண்ணு, இத வச்சு யாரும் யாரையும் ஒண்ணும் சொல்ல முடியாது, டாக்டர்கிட்ட கேளுங்க அவங்களே சொல்லுவாங்க"ன்னு மட்டும் சொன்னேன். க்ளாட்டுக்கோ கருச்சிதைவுக்கோ இந்த டெஸ்ட் எடுக்காதீங்கன்னு அமெரிக்க மெடிக்கல் ஜெனிட்டிக்ஸ் காலேஜ் 2013லயே வழிகாட்டுதல் போட்டாச்சு. இன்னமும் பேனல்ல இருக்கு. ஏன் இருக்குன்னா, பாசிட்டிவ் நிறைய வர்ற டெஸ்ட் பேனல்ல ஒண்ணு இருந்தா தான் பணம் குடுத்தவங்களுக்கு ஏதோ கிடைச்ச மாதிரி இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம், சந்தேகம் தான்.

அப்ப நம்ம ஊர்ல எது உபயோகம்? ஜீன விட்டுட்டு அந்த மூணு பிரேக்கோட அளவ பாக்குறது, ஆன்டித்ராம்பின், சி, எஸ். நம்ம ஆளுங்கள்ல காரணம் கிடைக்கிறப்ப அதிகம் கிடைக்கிறது இதுல தான். ஆனா இத எடுக்குற நேரம் ரொம்ப முக்கியம், இதுல தான் பாதி பணம் வீணாகுது. க்ளாட் வந்து அட்மிட் ஆன ரெண்டாம் நாளே மொத்த ப்ரொஃபைலும் அனுப்பிடுவாங்க. புதுசா க்ளாட் உருவாகுறப்ப இந்த புரோட்டீன்லாம் செலவாகி கொறஞ்சு தான் இருக்கும். ரத்தம் உறையாம இருக்க குடுக்குற ஹெப்பாரின் ஊசி ஓடிட்டு இருந்தா ஆன்டித்ராம்பின் எறங்கும். ரத்தம் உறையாம இருக்க குடுக்குற ஆசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டா சி, எஸ் ரெண்டும் கொறையும், ஏன்னா அது ரெண்டும் விட்டமின் கே வச்சு தயாராகுறது, மாத்திரை வேலை செய்யுறதே விட்டமின் கே-ய தடுத்து தான். கர்ப்பமா இருந்தா எஸ் தானாவே கொறையும். இப்படி ஒரு ரிப்போர்ட்ட வச்சிக்கிட்டு எனக்கு புரோட்டீன் எஸ் டெஃபிஷியன்சின்னு வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டு திரியுறவங்க இருக்காங்க. இந்த டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்குற நீல மூடி ட்யூப் பத்தியும் ஒரு வார்த்தை, உள்ள இருக்குற சிட்ரேட்ங்கற உறையாம தடுக்குற திரவம் 1 பங்குக்கு ரத்தம் 9 பங்கு, கோடு வரைக்கும் நெறையணும், பாதி எடுத்து அனுப்புனா ரிசல்ட்டே தப்பு. நாங்க ரிஜெக்ட் பண்ணா வார்டுலேர்ந்து திட்டு விழும், பரவால்ல. ஜீன் டெஸ்ட் ஊதா மூடி ட்யூப்ல எடுக்குறது, அதுக்கு மருந்தும் பிரச்சனை இல்ல நேரமும் பிரச்சனை இல்ல.

பெரிய ஆபரேஷன்னு காரணம் கண்ணுக்கு தெரியுற க்ளாட்டுக்கு இந்த ப்ரொஃபைலே வேண்டாம்னு அமெரிக்க ஹெமட்டாலஜி சொசைட்டி 2013லயே சொல்லிடுச்சு, ஏன்னா ரிசல்ட் எதுவா இருந்தாலும் ட்ரீட்மென்ட் மாறப்போறதில்ல.

காசே இல்லாத ஜீன் டெஸ்ட் ஒண்ணு எல்லார் பர்ஸ்லயும் இருக்கு, ப்ளட் குரூப். ஓ குரூப் இல்லாதவங்களுக்கு, அதாவது ஏ, பி, ஏபிக்கு, ஓவ விட க்ளாட் ரிஸ்க் ஏறக்குறைய ஒன்றரைலேர்ந்து ரெண்டு மடங்கு. 1969லயே இத கவனிச்சிருக்காங்க. ஓ ஆளுங்களுக்கு ரத்தம் உறைய உதவுற வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்ங்கற புரோட்டீன் கால்வாசி கம்மியா இருக்கும், அது கூடவே ஒட்டிக்கிட்டு சுத்துற ஃபேக்டர் எய்ட்டும் கம்மி, அதான் காரணம். நம்ம ஊர்ல ஓ தான் அதிகம், அதுக்கு அடுத்து பி. நான் பி பாசிட்டிவ், இத்தன வருஷமா ஒண்ணும் ஆகல, இதெல்லாம் தனி ஆளுக்கு பயப்படுற அளவு ரிஸ்க் கிடையாது. ஆனா ஊர் மொத்தத்துக்கும் கணக்கு போட்டா லைடன் ஜீன விட இது தான் இங்க அதிக பேர தொடுது, பேனல்ல யாரும் இத சொல்றதும் இல்ல, ஃப்ரீயா இருக்குறதுக்கு என்ன மதிப்பு.

இன்னொரு ஃப்ரீ டெஸ்ட் குடும்பத்த பத்தி கேக்குறது. லைடன்காரங்களே 2009ல ஒரு ஆய்வு போட்டாங்க, அப்பா அம்மா கூடப்பொறந்தவங்கள்ல யாருக்காவது க்ளாட் வந்திருந்தா உங்க ரிஸ்க் ரெண்டு மடங்கு சொச்சம், ஒருத்தருக்கு மேல வந்திருந்தா கிட்டத்தட்ட நாலு மடங்கு, அதுவும் ஜீன் டெஸ்ட் பாசிட்டிவ்வா நெகட்டிவ்வாங்கறத பொறுத்து இல்ல, நெகட்டிவ்வா இருந்தாலும் அந்த ரிஸ்க் நிக்குது. அந்த ஜீன்கள கண்டுபிடிச்ச ஊர்லயே நெலம இதுன்னா நமக்கு சொல்லவே வேண்டாம்.

ஆனா நம்ம வீடுகள்ல இத கேட்டு வாங்குறது லேசு இல்ல. திடீர்னு போனவங்க எல்லாருக்கும் நாம வச்சிருக்குற ஒரே பேர் ஹார்ட் அட்டாக். போஸ்ட்மார்ட்டம் யாரும் ஒத்துக்க மாட்டாங்க. குழந்தை பொறந்து பத்து நாள்ல மூச்சு வாங்கி போன அத்தை, இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து பாத்ரூம் போகும்போது சாஞ்ச பெரியப்பா, ஒரு கால் மட்டும் வீங்கி யானைக்கால்னு நெனச்சு விட்டுட்ட தாத்தா. இதுல எத்தன பேருக்கு லங்ஸ்ல க்ளாட்டோ யாருக்கு தெரியும். அதனால "உங்க ஃபேமிலில யாருக்காவது க்ளாட் இருந்துச்சா"ன்னு டாக்டர் கேட்டா நாம இல்லன்னு தான் சொல்லுவோம், பொய் இல்ல, தெரியாது. கேள்விய மாத்தி கேக்கணும், அம்பது வயசுக்குள்ள யாராவது திடீர்னு போனாங்களா, பிரசவம் ஆன ஒன்றரை மாசத்துக்குள்ள யாருக்காவது ஏதாவது ஆச்சா, யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி இருந்துச்சான்னு. வீட்ல இருக்குற வயசான பாட்டிக்கு இதெல்லாம் தேதியோட ஞாபகம் இருக்கும். சொந்தத்துக்குள்ளயே கல்யாணம் பண்ணுன குடும்பம்னா இன்னும் நல்லா கேளுங்க, ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஒரே கோளாறு வந்து புரோட்டீன் சி சுத்தமா இல்லாம பொறக்குற குழந்தைங்க உண்டு, பொறந்த சில மணி நேரத்துலயே தோல்ல கறுப்பு கறுப்பா திட்டு வந்துடும், அபூர்வம் தான் ஆனா உண்டு.

இந்த பதில் கையில இருந்தா எங்க உபயோகப்படும்னா, ஆபரேஷனுக்கு முன்னாடி, கர்ப்பம்னு தெரிஞ்சதும், அப்புறம் முக்கியமா அந்த மாத்திரைக்கு முன்னாடி. கல்யாணம், கிரகப்பிரவேசம், கோயில்னா பீரியட்ஸ தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்ல சீட்டு இல்லாம வாங்கி போடுறாங்களே, நோரெதிஸ்டெரோன், அதுல கொஞ்சம் உடம்புக்குள்ள போய் கருத்தடை மாத்திரையில இருக்குற ஈஸ்ட்ரோஜனாவே மாறுது. பெரும்பாலான பொண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ க்ளாட் வந்திருந்தா அத டாக்டர்கிட்ட சொல்லாம போடாதீங்க, கடைக்காரர் இத கேக்க மாட்டாரு.

ஏற்கனவே க்ளாட் வந்து ஆசிட்ரோம்ல இருக்குறவங்க கமென்ட்ல அடிக்கடி கேக்குறது, எனக்கு 2 மில்லிகிராம் போதுது என் மச்சானுக்கு 4 வேணும், ஏன்னு. அதுவும் ஜீன் தான். மாத்திரை போய் புடிக்கிற விகேஓஆர்சி1ங்கற ஜீனும், கல்லீரல்ல மருந்த கரைக்கிற சிஒய்பி2சி9ங்கற ஜீனும் ஆளுக்கு ஆள் மாறும், இது ரெண்டும் சேந்தே டோஸ் வித்தியாசத்துல பெரும் பங்கு. அதுக்குன்னு டெஸ்ட் எடுக்க ஓட வேண்டாம், ஐஎன்ஆர், அதாவது இந்த மாத்திரை எவ்ளோ வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட், அத பாத்து பாத்தே சரியான டோஸ புடிச்சிடலாம். கீரைய நிறுத்தவும் வேண்டாம், ஒரு வாரம் தெனமும் முருங்கக்கீரை அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு ஏத்தி எறக்காம ஒரே அளவா சாப்பிடுங்க. ஐஎன்ஆர் எடுக்க வரும்போது கடைசியா டோஸ் மாத்துன தேதிய எழுதி எடுத்துட்டு வாங்க, மாத்தி ரெண்டு நாள்ல எடுத்தா அந்த நம்பர் புது டோஸோடது இல்ல, பழசும் புதுசும் கலந்தது.